கேட் தூண் சிங்கம்: பெயின்ட் அடிக்காததைக் கேட்டு வாங்குங்கள்

சென்னையில் தனி வீடுகள் உள்ள தெருவில் நடந்தால் கேட் தூண்மேல் ஒரு ஜோடி சிங்கமாவது கண்ணில் படாமல் போகாது. அதற்கு அடுத்தபடி யானை. அப்புறம் அன்னம், மயில், மாடிச் சுவர் மூலையில் சிறகு விரித்த கழுகு. வைத்த புதிதில் எல்லாமே தங்கமாகப் பளபளக்கும். இரண்டு மழைக்காலம் போகட்டும். வால் இருந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், முன்னங்காலில் பழுப்புக் கோடு வழிந்திருக்கும், தங்கம் கறுத்துப்போயிருக்கும். விற்றவர் "லைஃப் லாங் வரும் சார்" என்றுதான் சொல்லியிருப்பார்.

இந்தப் பொம்மைகள் இன்று சிமென்ட், ஃபைபர், சுடுமண், கல் என நாலு சரக்கில் கிடைக்கின்றன. சுண்ணாம்புச் சாந்தால் உருவம் பிடிக்கும் சுதையும் உண்டு, ஆனால் அது கடையில் வாங்கும் பொருளல்ல, ஆளை வைத்துச் செய்வது. உப்புக் காற்றும், ஐப்பசி கார்த்திகை அடைமழையும், அவ்வப்போது புயலும் வரும் ஊரில் எது எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் இங்கே கேள்வி. அழகு அவரவர் கண்ணுக்கு.

சிமென்ட்

விற்பனையில் பெரும்பங்கு இதுதான். ஊரைத் தாண்டியதும் நெடுஞ்சாலை ஓரம் வரிசையாக நிற்பவை பெரும்பாலும் இவை. ஒன்றரை அடி உயரத்தில் உட்கார்ந்த சிங்கம், உள்ளே கெட்டியாக வார்த்ததென்றால் 35 முதல் 40 கிலோ இருக்கும். அதே உருவம் 2 அடி என்றால் எடை இரண்டு மடங்கைத் தாண்டி 85, 90 கிலோவுக்குப் போய்விடும். உயரம் மட்டுமல்ல, அகலமும் தடிமனும் சேர்ந்துதானே கூடுகின்றன. வீட்டில் இறக்க எத்தனை ஆள் வேண்டும் என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.

செய்முறை எளிது. ரப்பர் அச்சு, அதை அணைத்துப் பிடிக்க வெளியே ஒரு ஃபைபர் கூடு. உள்ளே ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவை. கால், வால், துதிக்கை போன்ற மெல்லிய இடங்களுக்கு 6 மி.மீ. கம்பி. மறுநாள் அச்சைப் பிரித்துவிடலாம். அதன்பிறகு குறைந்தது ஏழு நாள் ஈரச் சாக்கு போர்த்தித் தண்ணீர் காட்ட வேண்டும். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இந்த ஏழு நாள்தான். தண்ணீர் காட்டாத சிமென்ட் இறுகாமல் காய்ந்துவிடும். வெளித்தோல் மாவாக உதிரும், மழைநீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும்.

மணலிலும் கைவைப்பதுண்டு. எம்-சாண்ட் இருக்க வேண்டிய இடத்தில் கிரஷர் தூசி போட்டால் கலவை வழவழப்பாக அச்சுக்குள் நன்றாக இறங்கும், பிடரி மயிர்கூடத் துல்லியமாக விழும். பலம் இருக்காது. கடலை ஒட்டிய பகுதிகளில் உப்பு போர்த் தண்ணீரில் கலப்பது இன்னொரு வினை. வெளியே வெள்ளையாக உப்பு பூப்பதோடு நிற்காது, உள்ளே கம்பியையும் அது தின்னும்.

இதையெல்லாம் மறைப்பது பெயின்ட். அச்சு இரண்டாகப் பிரிந்த இடத்தின் தையல், காற்று அடைத்துக்கொண்ட குழிகளில் அப்பிய சிமென்ட் பால், ஒடிந்து ஒட்டவைத்த காது எல்லாமே தங்கப் பூச்சுக்கு அடியில் போய்விடும். அதனால்தான் சாம்பல் நிறத்தில், வெறும் உடம்பாக நிற்கும் பொம்மையைக் கேட்க வேண்டும். "பெயின்ட் அடித்ததுதான் இருக்கு" என்றால் அடுத்த பட்டறைக்குப் போகலாம்.

வெறும் பொம்மை கிடைத்ததும் செய்ய வேண்டியவை: சாய்த்து அடிப்பக்கத்தை ஆணியால் அழுத்திக் கீறுங்கள். மெல்லிய கோடு விழுந்தால் சரி, மாவு கொட்டினால் வேண்டாம். முதுகில் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். கொஞ்ச நேரம் ஈரம் மேலே மினுங்க வேண்டும், விட்டவுடன் மறைந்தால் உடம்பு முழுக்க ஓட்டை என்று பொருள். வார்த்து எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். நாலு வாரம் ஆனதுதான் பெயின்டுக்குத் தயார். கடைசியாக, அடியில் கம்பி முனை வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். அறுத்துவிட்ட கம்பி முனை தெரிந்தால், ஈரம் உள்ளே போக அதுவே வாசல்.

கம்பி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிமென்ட் பொம்மை சாவது பெரும்பாலும் கம்பியால்தான். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, கடலோரச் சூழலில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் தடிமன், கேட்கிறது. மிதமான சூழலுக்கே 30 மி.மீ. ஒன்றரை அடி சிங்கத்தின் வாலே மொத்தம் 40 மி.மீ. தடிமன்தான் இருக்கும். நடுவில் 6 மி.மீ. கம்பி போனால் இரு பக்கமும் 17 மி.மீ. மிஞ்சும், அதுவும் கம்பி சரியாக நடுவில் இருந்தால். வீட்டுத் தூணுக்கான விதியைப் பொம்மை வாலுக்குப் பொருத்திப் பார்ப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். உப்புக் காற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். இரும்பு துருவானால் அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கும், அந்த அழுத்தத்தில் சிமென்ட் பிளந்து செதில் செதிலாக விழும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, மெல்லிய பாகங்களில் 304 ரக எவர்சில்வர் கம்பி போட்டு வார்க்கச் சொல்வது. கடற்கரையை ஒட்டிய வீடென்றால் 316 ரகம். இரண்டு பொம்மைக்குத் தேவைப்படுவது சில அடிக் கம்பிதான், கூடுதல் செலவு பெரிதாக வராது. இன்னொன்று, கம்பியே தேவைப்படாத உருவத்தைத் தேர்ந்தெடுப்பது.

உருவத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. உட்கார்ந்து, வாலை உடம்போடு ஒட்டிச் சுருட்டிய சிங்கத்துக்குக் கம்பியே வேண்டாம். மாமல்லபுரத்துக் குடைவரைத் தூண்களின் அடியில் பல்லவர்கள் செதுக்கிய சிங்கங்கள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கின்றன, தூணின் பாரத்தையே தாங்கிக்கொண்டு. படுத்த நந்தி அதைவிடப் பத்திரம். யானை என்றால் துதிக்கை மார்போடு ஒட்டியிருக்க வேண்டும். மேலே தூக்கிய துதிக்கை முதலில் ஒடியும். அன்னத்தின் கழுத்து, மானின் கொம்பு, விரித்த தோகை மூன்றும் சிமென்டுக்கு ஒத்துவராதவை. மெல்லிய நாலு காலில் நிற்கும் சிமென்ட் குதிரையை வாங்கவே வாங்காதீர்கள். அய்யனார் கோயில் சுடுமண் குதிரையைப் பாருங்கள்: கால்கள் உருளைத் தூண்களாகத் தடித்து, உள்ளே வெற்றிடமாக இருக்கும். குயவருக்குத் தெரிந்த கணக்கு அது.

பெயின்ட் நீங்களே அடியுங்கள், அல்லது ஆள் வைத்து அடியுங்கள். அச்சிலிருந்து எளிதாகப் பிரிய எண்ணெய் தடவியிருப்பார்கள், சில இடங்களில் பழைய என்ஜின் ஆயில். சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் காயவைத்துத்தான் பிரைமர். எனாமல் வேண்டாம். புதுச் சிமென்டின் காரம் எனாமல் எண்ணெயைச் சோப்பாக மாற்றி உரித்துத் தள்ளிவிடும். வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட்டுப் போதும். தங்க நிறம்தான் வேண்டும் என்றால், பித்தளைப் பொடியை வார்னிஷில் குழைத்த பழைய பாணி "கோல்டு" வேண்டாம், அது மழைக்குக் கறுத்துவிடும். மைக்கா நிறமி உள்ள அக்ரிலிக் தங்கம் என்று கேட்டு வாங்குங்கள். உண்மையில் சாம்பல் நிறத்திலேயே விட்டு, மேலே நிறமற்ற சிலேன் நீர்விலக்கி அடித்தால் பார்க்கக் கல் மாதிரியே இருக்கும், உரிந்து தொங்கவும் ஒன்றும் இருக்காது. பெயின்ட்கூட வேண்டாம் என்பதே எங்கள் கட்சி.

நாலு வாரம் ஆன, கம்பி இல்லாத, உட்கார்ந்த சிமென்ட் சிங்கம் கொடுத்த காசுக்கு நல்ல சரக்கு. தங்கப் பூச்சோடு தயாராக நிற்பது அப்படியல்ல.

ஃபைபர்

2 அடி சிங்கம் ஆறேழு கிலோதான். ஒரு கையில் தூக்கிக்கொண்டு வரலாம். துரு கிடையாது, வால் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் கவலை இல்லை. மாடியில், பால்கனிச் சுவரில் எதையாவது வைத்தே ஆக வேண்டும் என்றால் இதை வைப்பதுதான் நியாயம். தட்டிப் பார்த்தால் உடம்பு முழுக்க ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். நெஞ்சில் ஒரு சத்தம், முதுகில் ஒரு சத்தம் என்றால் கண்ணாடி இழை ஒரே சீராக விழவில்லை. அடிப்பக்கம் 4 மி.மீ. தடிமனாவது இருக்க வேண்டும்.

குறை இரண்டு. வெயிலில் மேல்பூச்சு வெளுத்து, தொட்டால் கையில் மாவாக ஒட்டும். சில வருடத்துக்கு ஒருமுறை லேசாகத் தேய்த்து மறுபூச்சு கொடுக்க வேண்டும். இரண்டாவது, காற்று. காற்றழுத்தத்துக்கான ஐ.எஸ். 875 தரம் சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 150 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழும். 2 அடி சிங்கத்தின் பக்கவாட்டுப் பரப்புக்குக் கணக்குப் பார்த்தால் 40 கிலோவுக்கு மேல் தள்ளும். ஏழு கிலோ பொம்மை எங்கே நிற்கும்? 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்த மாதிரியான நாளில், சும்மா பசை போட்டு ஒட்டிய ஃபைபர் கழுகு நிஜமாகவே பறக்கும். பிடரி அடர்ந்த 90 கிலோ சிமென்ட் சிங்கத்தைக்கூட 180 கி.மீ. பக்கவாட்டுக் காற்று, வெறும் எடையை நம்பி வைத்திருந்தால், சாய்த்துவிடலாம். அதனால் பொருள் எதுவானாலும், பொம்மையைத் தூணோடு பிணைக்கும் ஊன்றுகம்பி கட்டாயம்.

சுடுமண்

புதுச்சேரியை ஒட்டிய வில்லியனூரின் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. சென்னைக்காரர்களுக்கு ஒரு நாள் பயணத்தில் போய்ப் பார்த்து வாங்கக்கூடிய தூரம். நிறம் காலப்போக்கில் கெடாமல் கனிந்துகொண்டே போவது இந்தச் சரக்கில்தான். ஒன்றரை அடி சிங்கம் உள்ளே வெற்றிடமாக 15 முதல் 20 கிலோ இருக்கும்.

விரல் கணுவால் தட்டினால் "டங்" என்று கேட்க வேண்டும். "பொத்" என்றால் விரிசல், அல்லது சூளையில் வேகாதது. அடுத்து, மேற்பரப்பில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கிறதா என்று பாருங்கள். களிமண்ணில் கலந்துவிட்ட சுண்ணாம்புக் கல் சூளையில் வெந்து, பிறகு மழை ஈரம் பட்டதும் பூத்துப் பெருகி, அந்த இடத்தை நாணயம் அளவுக்குத் தெறிக்கவிடும். வாங்கிய புதிதில் நன்றாக இருந்த மயில் முதல் மழையில் அம்மை போட்டது மாதிரி ஆவதற்கு இதுதான் காரணம். வாங்குவதற்கு முன் கடைக்காரர் சம்மதித்தால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்ப்பது உத்தமம்.

"ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று கொத்தனார் வெற்றிடத்துக்குள் சிமென்ட் கலவையைக் கொட்டுவார். விடாதீர்கள். வெயிலிலும் ஈரத்திலும் இரண்டும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கும், சுடுமண் ஓடுதான் வெடிக்கும். உள்ளே காலியாகவே இருக்கட்டும். அடியில் 10 மி.மீ. துளை ஒன்று இருந்து, உள்ளே இறங்கும் தண்ணீர் வெளியேற வேண்டும். தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

கல்

மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உளிச்சத்தம் கேட்கும் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. 2 அடி கருங்கல் சிங்கம் 100 கிலோவைத் தாண்டும், விலை சிமென்டைப்போலப் பல மடங்கு. துருப்பிடிக்க உள்ளே எதுவும் இல்லை என்பதால் இதைப் பற்றி எழுதவும் அதிகம் இல்லை. ஏமாறாமல் வாங்குவது மட்டும்தான் வேலை. கல் மாவையும் ரெசினையும் கலந்து வார்த்ததைக் "கல் சிலை" என்று விற்பவர்கள் உண்டு. ஜோடியை அருகருகே வையுங்கள். கையால் செதுக்கிய இரண்டு சிங்கங்கள் ஒருபோதும் அச்சு அசல் ஒன்றாக இருக்காது. பிடரிச் சுருள்வரை ஒத்துப்போனால் அது வார்ப்பு. ஒலியைக் கேட்டு ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பது சிற்பிகளின் பழைய வழக்கம். நமக்கு அவ்வளவு காது தேவையில்லை, தட்டும்போது ஒரே ஒரு இடம் மட்டும் ஊமையாக ஒலித்தால் அங்கே விரிசல் என்று தெரிந்தால் போதும்.

நிறுத்துவது

எந்தப் பொம்மைக்கும் ஆயுள் இங்கேதான் தீர்மானமாகிறது. 9 அங்குலச் செங்கல் தூண் 100 கிலோவை நேராகத் தாங்குவது பெரிய காரியமே அல்ல. பக்கவாட்டுத் தள்ளலும், கேட்டை ஒவ்வொரு முறை அடித்துச் சாத்தும்போது வரும் அதிர்வும்தான் ஊன்றலைக் கழற்றும்.

தூண் தலையில் டைல்ஸோ பாலிஷ் கிரானைட்டோ இருந்தால், பொம்மை உட்காரும் அளவுக்கு எடுத்துவிடுங்கள். வழவழப்பில் கலவை பிடிக்காது. தூணின் மேல் ஆறு அங்குலமாவது கான்கிரீட் இருக்க வேண்டும், வெறும் செங்கல் என்றால் மேல் வரிசைகளை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடுங்கள். 12 மி.மீ. எவர்சில்வர் கம்பி இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 16 மி.மீ. துளை, 100 முதல் 125 மி.மீ. ஆழம், தூணின் ஓரத்திலிருந்து 75 மி.மீ. உள்ளே தள்ளி. ஓரத்தை ஒட்டிப் போட்டால் துளையிடும்போதே சில்லு தெறிக்கும். துளைக்குள் இருக்கும் தூசியை ஊதி, பிரஷால் தேய்த்து, மறுபடி ஊதுங்கள். எப்பாக்சிப் பசை கழன்று வருவதற்குத் தூசிதான் முதல் காரணம், பசையைக் குறைசொல்லிப் பயனில்லை. துளையில் முக்கால் பாகம் எப்பாக்சி நிரப்பி, கம்பியைத் திருகியபடியே இறக்குங்கள். பொம்மையின் அடியிலும் இதேபோலத் துளைகள். ஃபைபர், சுடுமண் என்றால் அடித்தட்டில் துளையிட்டு, பெரிய வாஷரும் நட்டும் போட்டு முடுக்குவது நல்லது.

அடியில் பரப்பும் படுக்கைக் கலவை 10 மி.மீ., ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல், பிடிப்புக்கு லேடெக்ஸ் திரவம் சேர்த்து. ரசமட்டம் வைத்துப் பார்த்து இறக்குங்கள். தூக்கும்போது தலையையோ காதையோ பிடிக்கக் கூடாது, பீடத்துக்கு அடியில் பெல்ட் போட்டுத்தான் தூக்க வேண்டும். பிறகு மூன்று நாள் கேட்டைத் திறந்தே போட்டுவையுங்கள், அல்லது ஒரு துணியைச் சுற்றி மெதுவாகச் சாத்துங்கள். சுற்றிலும் சிலிகான் அடைக்கும்போது பின்பக்கம் ஒரு அங்குலம் விட்டுவிடுங்கள், உள்ளே போன ஈரம் வெளியேற வழி வேண்டும். நாலு பக்கமும் அடைத்தால் ஈரம் அடியிலேயே கிடந்து ஊறும்.

மாடிக் கைப்பிடிச் சுவர் நாலரை அங்குலம் என்றால் அதன்மேல் சிமென்ட், கல் எதுவும் வேண்டாம். தெருப்பக்கம் எட்டிப் பார்க்கும் கழுகு கீழே போகிறவர் தலையில்தான் இறங்கும். நாலரை அங்குலச் சுவர்மேல் கனத்த பொம்மையை வைத்துத் தருகிறேன் என்று சொல்லும் கொத்தனாரை வேறு வேலைக்கும் கூப்பிடாதீர்கள்.

சுதை

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளில் முகப்புச் சுவர்மேல் சிங்கமோ கிளியோ கஜலட்சுமியோ இன்னும் மிச்சம் இருந்தால் அது அநேகமாகச் சுதை. செட்டிநாட்டில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம், அங்கே துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கூட லட்சுமிக்குக் காவல் நிற்பார். செங்கல்லால் உருவத்தின் கருவைக் கட்டி, மேலே சுண்ணாம்புச் சாந்தால் உருவம் பிடிப்பது முறை. பல தலைமுறை தாண்டி நிற்பதற்கு முக்கியக் காரணம் சாந்து மூச்சு விடுவது. உள்ளே போன ஈரம் அதே வழியில் வெளியே வந்துவிடும்.

இதற்குச் செய்யும் கெடுதல்களில் முதலாவது, உடைந்த காதைச் சிமென்டால் ஒட்டுவது. சிமென்ட் கெட்டி, ஈரத்தை விடாது. ஒட்டிய இடம் அப்படியே இருக்க, அதைச் சுற்றியுள்ள பழைய சாந்து உப்பு பூத்து உதிர்ந்து, கடைசியில் இரண்டும் சேர்ந்து விழும். எமல்ஷன் பெயின்டும் அதே காரியத்தைத்தான் செய்யும். சுண்ணாம்பு வெள்ளையும் மண் நிறமிகளும்தான் இதற்குப் பொருத்தம். பழுதுபார்க்க, நன்கு நீர்த்து வாரக்கணக்கில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டு பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சாந்து வேண்டும். பழைய பரப்பை நனைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு 10 மி.மீ.க்கு மேல் போகாமல் அடுக்கடுக்காகப் பூச வேண்டும். முந்தைய அடுக்கு இறுகிய பிறகே அடுத்தது. கோயில் கோபுரச் சுதைக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது பராமரிப்பு நடந்துவிடுகிறது, வீட்டுச் சிங்கத்தை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒரு காது உடைந்த உடனேயே கோபுர வேலை தெரிந்த ஸ்தபதி குழுவிடம் பேசுங்கள். அவர்கள் கைவசம் இல்லாவிட்டால் அந்த உடைசலை அப்படியே விடுவதே மேல்.

கழுவும்போது

பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது பொம்மையையும் "ஆசிட் போட்டு" தேய்ப்பார்கள். பாசி போய்விடும், கூடவே சிமென்டின் மேல்தோலும் போய்விடும். அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உள்ள குளோரைடு உள்ளே இறங்கிக் கம்பியைப் பிடிக்கும். பிளீச்சிங் பவுடரிலும் அதே குளோரைடுதான். சுதைக்கு அமிலம் பட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்தே போகும். நைலான் பிரஷ், சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீரில் இரண்டு அலசல் போதும். கறை கட்டிய காக்கை எச்சத்தை மட்டும் ஈரத் துணி போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, மரக்குச்சியால் நெம்பி எடுங்கள்.